அழுகையின் உரிமை: கிரேக்கத் துன்பியல் நாடகப் பெண்களும் நம் கூத்துப் பெண்களும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பெண்களின் இடம் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "குண்டலுபேட்டையில் உட்கார்ந்துகொண்டு கிரேக்கம் எதுக்குங்க?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நியாயமான கேள்விதான். ஆனால் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது என்னவென்றால், அந்தக் கதை ஏதென்ஸ் நகரத்தோடு நின்றுவிடவில்லை. நம்ம ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவிலும், இங்கே மாதேசுவரன் மலைக்குப் போகிறவர்கள் பாடும் கம்சாளைப் பாட்டிலும், நம் பாட்டிமார் பாடிய ஒப்பாரியிலும் அதே கதைதான் வேறு வேடத்தில் நடமாடுகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருவிழாவும் நாடகமும்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தில் ஆண்டுதோறும் இளவேனில் காலத்தில் தயோனிசஸ் என்னும் தெய்வத்துக்குப் பெருவிழா எடுத்தார்கள். மது, கொடிமுந்திரி, ஆவேசம் ஆகியவற்றுக்கு உரிய தெய்வம் அவர். அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கில், பகல் வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் நாடகப் போட்டி நடக்கும். செல்வந்தர் ஒருவர் பாடற்குழுவின் செலவை ஏற்றுக்கொள்வார். முடிவில் பரிசும் உண்டு. நம்ம பக்கத்து உபயதாரர் முறை நினைவுக்கு வருகிறது, இல்லீங்களா?

ஈஸ்கிலஸ், சோபாக்ளீஸ், யூரிப்பிடீஸ் என்ற மூவரின் நாடகங்கள்தான் இன்று முழுமையாகக் கிடைக்கின்றன. முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அந்த நாடகங்களுள் துன்பியல் வகையைச் சேர்ந்தவற்றில் பெண் பாத்திரமே இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது சோபாக்ளீஸின் பிலாக்டிடீஸ். மற்ற எல்லாவற்றிலும் பெண் பேசுகிறாள், வாதாடுகிறாள், சபிக்கிறாள், அழுகிறாள். நம் கூத்தின் பின்பாட்டுக்காரர்களைப் போலக் கதைக்கு ஊடே பாடி ஆடும் கோரஸ் என்ற குழுவும் பாதிக்கு மேற்பட்ட நாடகங்களில் பெண்கள் குழுதான்.

ஆனால் மேடையில் ஏறி நின்றவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. எல்லா வேடங்களையும் ஆண்களே முகமூடி அணிந்து நடித்தார்கள். எழுதியவர் ஆண், ஆடியவர் ஆண், பரிசு கொடுத்த நடுவரும் ஆண். பார்வையாளர் கூட்டத்திலாவது பெண்கள் இருந்தார்களா என்பதில் அறிஞர்கள் இன்றும் இரு கட்சியாக இருக்கிறார்கள். அந்நகரத்துப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடையாது. தகப்பனோ கணவனோ மகனோ ஒருவர் அவளுக்குக் காப்பாளராக இருந்தே தீரவேண்டும். வீட்டில் வாய்மூடி இருக்கவேண்டியவள் மேடையில் மட்டும் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறாள்? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

அழுகைக்கு ஒரு சட்டம்

இதற்கு ஒரு விடை இழவு வீட்டில் கிடைக்கிறது. நாடகங்கள் தோன்றுவதற்கு முன்னால், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோலன் என்ற சட்டமியற்றுநர் ஏதென்ஸில் இருந்தார். சாவு வீட்டிலும் சவ ஊர்வலத்திலும் பெண்கள் முகத்தைக் கீறிக்கொள்வதையும், கட்டிய புலம்பல்களைப் பாடுவதையும் அவர் சட்டம்போட்டுக் கட்டுப்படுத்தினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அழுகைக்கு எதற்குச் சட்டம்? ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். ஒப்பாரி வெறும் அழுகையாக நின்றுவிடுவதில்லை. செத்தவனின் பெருமை, பங்காளி செய்த துரோகம், மருமகளுக்கு நேர்ந்த கொடுமை, பிரிக்காத சொத்து எல்லாம் அதில் வந்துவிடும். மற்ற நாளில் வாய் திறக்க முடியாத பெண், அன்றைக்கு ஊர் முன்னால் நியாயம் கேட்கலாம்; யாரும் தடுக்க முடியாது. பழிக்குப் பழி என்று குலங்கள் மோதிக்கொண்ட நாட்டில், அந்தப் புலம்பல் பகையை மூட்டும் என்று ஆட்சியாளர் அஞ்சியிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தெருவில் அடக்கப்பட்ட அந்தக் குரல் அரங்கில் ஏறிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. ஏறியது ஆணின் தொண்டை வழியாக.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

அழுகையை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர்கள் நாம். தொல்காப்பியப் பொருளதிகார மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு. ஒன்று இழவு, அதாவது உற்றாரையோ உடைமையையோ இழப்பது. இன்னொன்று இளிவு, பிறரால் இகழப்பட்டு நிற்பது. மூன்றாவது அசைவு, பழைய நிலை கெட்டுத் தாழ்ந்து வருந்துவது. நான்காவது வறுமை. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு கிரேக்க நாடகப் பெண்களைப் பார்த்தால், அவர்கள் நமக்கு அந்நியராகத் தெரிவதில்லை.

முதலில் இழவு. சோபாக்ளீஸின் ஆண்டிகனி கி.மு. 441ஆம் ஆண்டை ஒட்டி அரங்கேறியதாகக் கொள்வர். அண்ணன் தம்பி இருவரும் போரில் ஒருவரையொருவர் கொன்று மடிகிறார்கள். நகரத்தின் மேல் படையெடுத்து வந்தவனின் உடலைப் புதைக்கக் கூடாது, அவனுக்காக யாரும் அழவும் கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆண்டிகனி அந்த ஆணையை மீறி மண்ணைத் தூவி இறுதிக்கடன் செய்கிறாள். உயிரோடு குகையில் அடைக்கப்பட்டு, அங்கேயே தூக்கிட்டு உயிரை விடுகிறாள். அவளை மணக்க இருந்த மன்னன் மகனும், அவனைப் பெற்ற அரசியும் அடுத்தடுத்து மாய்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது நம் கண்ணகி நினைவுக்கு வராமல் இருப்பாளா? பாண்டியன் அவையில் கையில் சிலம்போடு நின்று நியாயம் கேட்டவள் அவள். ஆனால் ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். தவறு தெரிந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் உயிரை விடுகிறான். கோப்பெருந்தேவியும் கூடவே போகிறாள். கிரியோன் சாவதில்லை. மனைவியையும் மகனையும் பறிகொடுத்துவிட்டு நடைப்பிணமாக மிஞ்சுகிறான். ஆண்டிகனி வென்றாள் என்று யாரும் கோயில் கட்டவில்லை. நம்மவர்கள் கண்ணகியைத் தெய்வமாக்கிக் கல்லெடுத்துக் கோயில் கட்டினார்கள். கேள்வி கேட்ட பெண்ணைக் கும்பிடுவது பெரிய மரியாதைதான். ஆனால் தெய்வமாக்கிவிட்டால் நம்ம வீட்டுப் பெண் அதே கேள்வியைக் கேட்கும்போது "நீ என்ன கண்ணகியா?" என்று சொல்லி வாயை அடைத்துவிடவும் வசதியாக இருக்கிறது.

அடுத்தது இளிவு. யூரிப்பிடீஸின் மெடியா கி.மு. 431இல் அரங்கேறிப் போட்டியில் மூன்றாம் இடத்தையே பெற்றது. மெடியா வெளிநாட்டுக்காரி. கருங்கடலுக்கு அப்பால் உள்ள கோல்கிஸ் நாட்டிலிருந்து ஜேசனை நம்பி வந்தவள். அவனுக்காகப் பிறந்த வீட்டையே பகைத்துக்கொண்டவள். கொரிந்து நகரத்தில் அவன் அவளைக் கைவிட்டு அரசன் மகளை மணக்கிறான். அவளுக்குத் திரும்பிப் போக ஊரில்லை, இருக்கிற ஊரிலும் இடமில்லை. பெண் சீர்வரிசை கொடுத்துக் கணவனை வாங்கவேண்டியிருக்கிற கொடுமையைப் பற்றி அந்தக் கோரஸ் பெண்களிடம் அவள் பேசுவதைப் படித்தால், நேற்றுத்தான் யாரோ எழுதியது போல இருக்கும். பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லும் வரை போகிறாள். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பிழைக்க வந்த இடத்தில் "நீ இந்த ஊர்க்காரி இல்லை" என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு அவள் பாதி வழி வரைக்குமாவது புரிவாள். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் பலருக்கு அந்தச் சொல் புதிதா என்ன?

நம் பக்கம் இளிவுக்கு எடுத்துக்காட்டு பாஞ்சாலியேதான். தன்னைத் தோற்ற பிறகு தருமன் என்னைப் பணயம் வைக்க முடியுமா என்று சபையில் அவள் கேட்ட கேள்விக்கு வீட்டுமர் முதலிய பெரியவர்கள் யாரும் நேரான விடை சொல்லவில்லை. மெடியா தானே பழிவாங்குகிறாள். பாஞ்சாலி கூந்தலை விரித்துக்கொண்டு பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறாள்.

இன்னொரு ஒற்றுமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கி.மு. 428இல் முதல் பரிசு பெற்ற யூரிப்பிடீஸின் ஹிப்பாலிட்டஸ் நாடகத்தில், சிற்றன்னை பீட்ரா கணவனின் மூத்த தாரத்து மகன் மேல் ஆசை கொள்கிறாள். அது வெளிப்பட்டதும் அவன் மேல் பழி எழுதி வைத்துவிட்டுச் சாகிறாள். தந்தையின் சாபத்தால் மகனும் மடிகிறான். இது நம்ம சாரங்கதரன் கதைதானே! சிற்றன்னை சித்திராங்கி பழிசுமத்த, சாரங்கதரன் கைகால் துண்டிக்கப்படுகிறான். பல்லாரியைச் சேர்ந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார் இதைத் தெலுங்கில் துன்பியல் நாடகமாக்கினார். பல்லாரிக் குழுவினர் சென்னைக்கு வந்து நடத்திய நாடகங்களைப் பார்த்த தூண்டுதலில்தான் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவரும் சாரங்கதரன் எழுதினார். 1958இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. இரண்டு நாடுகளிலும் ஆசைப்பட்ட பெண் அஞ்சத்தக்கவளாகவே படைக்கப்பட்டாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழும் பெண்ணுக்கு இரங்கிய அதே அரங்கம், விரும்பும் பெண்ணைக் கண்டு மிரண்டது.

மூன்றாவது அசைவு. கி.மு. 415இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் திராய் நகரப் பெண்கள் நாடகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நகரம் எரிந்துவிட்டது. நேற்று வரை அரசியாக இருந்த ஹெக்கூபா இன்று மண்ணில் புரள்கிறாள். எந்தப் பெண் எந்தப் பகைவனுக்கு அடிமை என்று பங்கு பிரிக்கிறார்கள். பேரக்குழந்தையை மதில்மேலிருந்து வீசிக் கொல்கிறார்கள். இதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. வென்ற நாட்டு ஆண்கள் உட்கார்ந்து பார்க்க, தோற்ற நாட்டுப் பெண்களின் புலம்பலை மேடையேற்றினார் அந்தப் புலவர். நாடகம் இரண்டாம் பரிசு பெற்றது. இத்தனை துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

நான்காவதான வறுமைக்குக் கிரேக்கத்தில் தேட வேண்டாம், நம் நல்லதங்காள் போதும். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரியால் விரட்டப்பட்டு, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். கிரேக்க நாடகம் அரச குடும்பத்துக் கண்ணீரைத்தான் பெரும்பாலும் பாடியது. சோற்றுக்கு இல்லாதவளின் கண்ணீரைப் பாடியது நம்ம கூத்து.

நம் அரங்கில் யார் அழுதார்கள்?

இனி நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வட தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும். துகிலுரிதல் இரவில் பாஞ்சாலி வேடம் கட்டுகிறவர் ஆண்தான். கர்ண மோட்சத்தில் பொன்னுருவியாக ஒப்பாரி வைப்பவரும் ஆண்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்ணீர் விடுவார்கள், சிலருக்கு அருள் வந்துவிடும். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் வீழ்ந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்து, தீமிதியோடு விழா முடியும்.

நாம் வாழும் கன்னட நாட்டிலும் இதே முறையைக் காணலாம். பெங்களூரு தர்மராயர் கோயில் கரகத்தை நடத்துபவர்கள் தமிழ் மூலம் கொண்டவர்களாகக் கருதப்படும் திகளர் சமூகத்தினர். திரௌபதியின் கரகத்தைச் சுமப்பவர் பெண் உடையும் வளையலும் பூவும் அணிந்த ஆண். நம் சாமராஜநகர் மாவட்டத்தில் கம்சாளைக் கலைஞர்கள் பாடும் மாதேசுவரர் காவியத்தில் சங்கம்மா என்று ஒருத்தி வருகிறாள். தேனெடுக்கக் காட்டுக்குப் போகும் கணவன் நீலேகவுடன், பத்தினியாக இருப்பேன் என்று சத்தியம் செய் என்று அவளை வற்புறுத்துகிறான். அவள் மறுக்கிறாள். கொடுமைப்படுத்திக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறான். மாதேசுவரர் வந்து காப்பாற்றுகிறார். "நான் தப்புச் செய்யவில்லை, எதற்குச் சத்தியம்?" என்பதே அவள் நிலைப்பாடு. அதை ஊர் ஊராகப் பாடி வந்தவர்கள் தேவரகுட்டர் என்ற ஆண்கள்.

கிரேக்க நாடகத்துக்கும் இந்த மண்ணுக்கும் நேரான தொடர்பும் உண்டு. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் 413ஆம் எண்ணுள்ளது ஒரு கிரேக்க நகைச்சுவை நாடகம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1903இல் பதிப்பிக்கப்பட்டது. சாரிட்டியன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஒரு கோயிலில் சிறைப்பட்டிருக்க, அண்ணன் வந்து இந்திய அரசனுக்கு மது கொடுத்து மயக்கி அவளை மீட்டுப் போகிறான். யூரிப்பிடீஸின் இபிஜினியா நாடகத்தைக் கேலியாக மாற்றியது அது. அதில் இந்தியப் பாத்திரங்கள் பேசும் சொற்கள் கன்னடம் என்று, தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ட்சு 1904இல் கருத்துரைத்தார். அர்த்தசாத்திரத்தைக் கண்டெடுத்த மைசூரு ஷாமசாஸ்திரியும் அக்கருத்தை ஏற்றார். துளு என்பாரும், பொருளற்ற ஒலி என்பாரும் உண்டு. பின்னர் மைசூரு மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பி.எம். ஸ்ரீகண்டையா, சோபாக்ளீஸின் அஜாக்ஸை அசுவத்தாமன் என்று 1929இலும், ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்தை 1935இலும் கன்னடமாக்கினார். தோற்ற பகைவரின் ராஜமாதா வென்றவர்களின் மேடையில் புலம்பும் நாடகம் அது. நம்ம பிள்ளைகள் கன்னடம் வழியாகவே அதைப் படிக்கலாமே!

பெண்ணே மேடை ஏறியபோது

தமிழில் பெண்கள் தாமே மேடையைக் கைப்பற்றிய வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்க முழுக்கப் பெண்களைக் கொண்ட நாடகக் கம்பெனியை நடத்தினார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நடத்திய பாலர் சபையிலோ ஸ்திரீபார்ட் சிறுவர்களுக்கே. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் மேடையில் புகழ்பெற்றவர். 1933இல் கணவர் கிட்டப்பா காலமான பின் வெள்ளுடை தரித்து ஒதுங்கியிருந்தார். 1935இல் நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார். பெண் வேடத்தை ஆண் கட்டிய நாட்டில், ஓர் ஆணின் அழுகையை ஒரு பெண் பாடினார். கன்னடத்தில் குப்பி வீரண்ணா கம்பெனியில் பி. ஜெயம்மா முதலிய நடிகையர் புகழ்பெற்றார்கள். இவர்களுக்குக் கைதட்டிய சமூகம், அவர்களுக்குரிய மதிப்பை எளிதில் கொடுத்துவிடவில்லை.

வட்டம் முழுமை பெற்றது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பணியாற்றிய பேராசிரியர் சே. இராமானுஜத்தின் வெறியாட்டம் என்ற நாடகத்தில். திராய் நகரப் பெண்களின் கதையை அவர் நம் ஒப்பாரி மரபில் வைத்துத் தமிழாக்கினார். கிரேக்கத் தெருவில் தடுக்கப்பட்டு, ஆண் முகமூடிக்குள் புகுந்த புலம்பல், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்துத் தமிழ்ப் பெண்ணின் தொண்டையில் ஒப்பாரியாக வெளிவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. இலங்கையில் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் படங்களை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தப் போராட்டம் நீண்டது. மகன் செத்தான் என்று சொன்னால் அழுதுவிடலாம், இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் சொல்லாதபோது தாய் என்ன செய்வாள்? ஆண்டிகனிக்கு உடலாவது கண் முன்னால் கிடந்தது.

நம் வீட்டில்

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். குண்டலுபேட்டையிலும் மைசூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களின் இழவு வீடுகளில் இப்போதெல்லாம் ஒப்பாரி கேட்பது அபூர்வமாகிவிட்டது. வாடகை வீடு, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம், பாடத் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருவது என்று பல காரணங்கள். சோலன் சட்டம் போட்டு அடக்கியதை நாம் கூச்சப்பட்டு நாமே அடக்கிக்கொண்டோம். அதோடு போவது ராகம் மட்டுமா? ஒரு பெண் தன் வாழ்நாள் வழக்கை ஊர்முன் எடுத்துச் சொல்ல இருந்த ஒரே நீதிமன்றமும் அல்லவா போகிறது!

எனவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். பாடத் தெரிந்த மூதாட்டிகள் இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு, அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியிலாவது பதிவுசெய்து, எந்த ஊர்ப் பாட்டு, யாருக்காகப் பாடியது என்று எழுதிவைப்போம். இரண்டாவது, ஆண்டுவிழாவில் நம் பெண்பிள்ளைகளைக் கண்ணகியாக நிறுத்துகிறோம், நல்லது. அந்த வசனத்தை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நின்றுவிடாமல், கண்ணகி ஏன் கேட்டாள், ஆண்டிகனி ஏன் மீறினாள், சங்கம்மா ஏன் சத்தியம் செய்ய மறுத்தாள் என்று அவர்களோடு பேசுவோம். மேடையில் கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளை நாளைக்கு வீட்டிலும் கேட்பாள். கேட்கட்டும். அன்றைக்கு நாம் வீட்டுமரைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்துவிடாமல் பதில் சொல்லத் தயாராக இருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!